முழுசும் குடிச்சிட்டா

மலர்க்கொடிக்குப் பொய் சொல்லவே வராது என்று அவள் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வராதுதான். குழம்பில் உப்புப் போட மறந்ததைக்கூட மறைக்கத் தெரியாமல் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறித் தஞ்சாவூரில் இறங்கி, ஆஸ்பத்திரி மாடியில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அவள் வேறு ஆள். அங்கே பொய்யும் பஞ்சு, துணி, மருந்தோடு சேர்ந்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய சாமான். "ஒண்ணும் வலிக்காதும்மா", "நல்லாத் தூங்குறான்", "பயப்படாம போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லாமல் எந்த நர்ஸும் ஒரு பொழுதைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பொய்களுக்காக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது இளவரசியின் குழந்தை விஷயத்தில் அவள் சொன்ன பொய்யைப் பற்றி.

இளவரசிக்கு நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தலைப்பிரசவம். மாதம் நிறைவதற்கு முன்பே ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தையை, தாய் கண் விழிப்பதற்குள் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் தப்பித்தாள். குழந்தைக்கு இதயத்தின் இடப்பக்கம் வளரவே இல்லை. பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் மாதங்கி தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் போனில் கேட்டுப் பார்த்தார். அந்த எடையில் எந்த ஆபரேஷனையும் தாங்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கியிருந்தது.

குழந்தையின் தகப்பன் பரிதியை உட்காரவைத்து டாக்டர் பேசினார். மலர்க்கொடி பக்கத்தில் நின்றாள். அறுவடை நேரம். பரிதியின் சட்டைக் காலரில் வைக்கோல் தூசி அப்படியே இருந்தது.

"நாங்க குழந்தையைக் கைவிடலைங்க, பரிதி" என்றார் மாதங்கி. "குணப்படுத்துறதுக்கு இனிமே வழி இல்லை. ஆனா ஊசி, டியூப் எல்லாத்தையும் எடுத்துட்டு, வலி தெரியாம மருந்து குடுப்போம். கதகதப்பா மடியில வெச்சுக்குவோம். இருக்கிற வரைக்கும் அவ சுகமா இருக்கணும். இனிமே அதுதான் வைத்தியம்."

பரிதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். புரிந்ததா இல்லையா என்று அந்தத் தலையாட்டலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவன் வெளியே போனதும் டாக்டர் மலர்க்கொடி பக்கம் திரும்பினார். "அம்மா ஒரு தடவையாவது மடியில வாங்கிக்கணும், மலர். உயிரோட இருக்கிறப்பவே. பி.பி. இறங்கினதும் பக்குவமா எடுத்துச் சொல்லி அழைச்சுட்டு வாங்க. நீங்க சொன்னாத்தான் அவங்க தாங்குவாங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் மலர்க்கொடி. அந்தப் பொறுப்பு அவளிடம் கொடுக்கப்பட்டது, அவளும் வாங்கிக்கொண்டாள். பின்னால் யார்மேல் பழியைப் போடலாம் என்று அவள் எவ்வளவோ தேடியும், இந்த இடத்துக்கு வந்து முட்டிக்கொண்டுதான் நின்றாள்.

செருப்பு விடும் இடத்தில் பரிதி காத்திருந்தான். கூடவே அவன் அக்கா ராசம்மாள். கீழே பிரசவ வார்டில் இளவரசிக்குத் துணையாக இருப்பவள் அவள்தான்.

"சிஸ்டர், அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றான் பரிதி. "திரும்ப வலிப்பு வந்துச்சுன்னா அவளும் போயிடுவா. ஒண்ணு போறதே போதும்ங்க."

"வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயி, ஒடம்பு தேறினப்புறம் மெதுவாச் சொல்லிக்கிறோம்மா" என்றாள் ராசம்மாள். "முகத்தைப் பார்த்துட்டான்னா மறக்க மாட்டா. பார்க்காத பிள்ளைன்னா ஒரு மாதிரி தேத்திடலாம்."

நம் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. சாவைப் பெற்றவளிடமிருந்து ஒளித்துவைப்பதைப் பாசத்தின் கணக்கில்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். மலர்க்கொடி இதற்கு முன்பு எத்தனையோ குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசி, அது சரியில்லை என்று புரியவைத்திருக்கிறாள். ஆனால் அன்று அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு இலேசானது.

ஏன் இலேசானது என்று தெரிய, ஐப்பசி மழையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குடவாசலிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இதே போல ஒரு பிள்ளை. மலர்க்கொடிதான் அவளுக்கு எடுத்துச் சொல்லி, தேற்றி, பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். அந்த மடியிலேயே அவன் அடங்கினான். எல்லாம் முறையாக, அமைதியாக நடந்தது என்று டாக்டர்கூடப் பாராட்டினார். ஆனால் அந்தப் பெண் மலர்க்கொடியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க? பெட்டியிலயே வெச்சிருந்தா இருந்திருப்பான்ல?" என்று கேட்டுவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. நகம் பதிந்த இடம் சீக்கிரம் ஆறிவிட்டது. அந்தச் சத்தம் ஆறவில்லை. சோறு பிசையும்போது வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வரும். அதற்குப் பிறகு குழந்தை போகப்போகிறது என்று தெரிந்தால் மலர்க்கொடி எதையாவது சாக்கு வைத்து டியூட்டி மாற்றிக்கொள்வாள். அடுத்த வார்மர் தொட்டிலில் சூட்டுக்கு வைத்திருக்கும் குழந்தைக்கு வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்வாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் கேட்டார். "அம்மாகிட்ட பேசினீங்களா?"

"பி.பி. இன்னும் இறங்கலை டாக்டர். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்."

பி.பி. இறங்கியிருந்தது. கீழே வார்டுக்குப் போன் செய்து கேட்டவளே மலர்க்கொடிதான். இறங்கவில்லை என்று சொல்வார்கள் என்ற ஆசையில்தான் கேட்டாள்.

குழந்தைக்குப் பெயர் இல்லை. கைப்பட்டையில் 'இளவரசி குழந்தை' என்றுதான் இருந்தது. ஆனால் கூட வேலை பார்க்கும் சுமையா அதற்குக் 'கலெக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டாள். டியூபையெல்லாம் எடுத்த பிறகு வெளியே தெரிந்த அந்தச் சின்ன முகத்தில் புருவம் எப்போதும் சுளித்தே இருக்கும். மனு கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பது மாதிரி நம்மைப் பார்க்கிறாள் என்பாள் சுமையா. மடியில் எடுத்து வைத்ததும் அந்தச் சுளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதைப் பார்ப்பதற்காகவே ஆள் மாற்றி ஆள் வேலைக்கு நடுவில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

பால் விஷயம் இதற்கு நடுவில்தான் ஆரம்பித்தது. குழந்தைக்குக் குடல் எதையும் ஏற்காது. அதனால் பால் கொடுக்கக் கூடாது. உதடு காயாமல் தாய்ப்பாலில் பஞ்சை நனைத்துத் தடவலாம் என்றார் டாக்டர். இளவரசிக்கு இது எதுவும் தெரியாது. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, கிருமி தொற்றிக்கொள்ளும், யாரும் பார்க்கக் கூடாது, பால் மட்டும் அனுப்பலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு பீய்ச்சி, மூடி போட்ட ஸ்டீல் கிண்ணத்தில் அனுப்பினாள். முதல் தடவை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அளவுதான் இருந்தது.

"குடிச்சாளான்னு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றாள் ராசம்மாள், சரிவுப் பாதையில் ஏறி வந்த களைப்போடு.

மலர்க்கொடி கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபடி, "முழுசும் குடிச்சிட்டான்னு சொல்லுங்க" என்றாள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ராசம்மாள் கீழே போய், "முழுசும் குடிச்சிட்டு இன்னும் வேணும்னு அழுதாளாம்" என்று கொஞ்சம் தன் பங்கைச் சேர்த்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நல்ல சேதி எடுத்துப் போகிறவர்கள் யாரும் அதை உள்ளபடி எடுத்துப் போவதில்லை. கேட்ட இளவரசிக்குத் தலைகால் புரியவில்லை. பிடிக்காத பூண்டுக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பால் நிறைய ஊறப் பால்சுறாக் கருவாடு வேண்டும் என்று புருஷனை விரட்டினாள். பக்கத்துக் கட்டில்காரிகளிடம் தன் மகள் வயிறாரக் குடிக்கிறாள் என்று பெருமை பேசினாள். அடுத்த நாள் கிண்ணம் பாதி நிறைந்து வந்தது. அதற்கடுத்து கழுத்துவரை வந்தது.

பஞ்சு நனைத்தது போக மீதியை மலர்க்கொடி கழுவும் தொட்டியில் கொட்டினாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் கொட்டுவாள். வெள்ளையாக அது ஓடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. குடிக்க முடியாத குழந்தையின் பாலை வேறு என்ன செய்வது? இருந்தும் ஒவ்வொரு தடவையும் திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கீழ அவங்களுக்கு பி.பி. நார்மலாயிடுச்சாமே" என்றாள் சுமையா, கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே. சுமையா எதற்கும் சிரிப்பவள். குழந்தை இறந்த நாட்களில் மட்டும் மகளுக்குப் போன் போட்டு வீட்டுப்பாடம் எழுதாததற்காகக் கண்டபடி கத்துவாள். மகளும் ஏன் என்று கேட்பதில்லையாம். கத்தி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம்.

"நாளைக்குச் சொல்லிடுறேன்" என்றாள் மலர்க்கொடி.

"நாளைக்குன்னு கலெக்டரம்மாகிட்ட சொல்லிட்டியா?"

மலர்க்கொடியின் டீ ஆறி ஏடு படிந்துபோனது.

அன்று இரவு தூக்கம் வராததால் மறுநாள் சொல்லிவிடுவது என்று உண்மையாகவே முடிவு செய்தாள். காலை பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ரோட்டில் பாதியை நெல் காயவைத்து அடைத்திருந்தார்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஒவ்வொரு தடவை பஸ் நின்றபோதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இறங்கியபோது அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

உள்ளே போனால் குழந்தையின் மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நின்று, மறந்துபோனதை நினைத்துக்கொண்ட மாதிரி மறுபடி இழுத்தது. டாக்டர் மாதங்கி வந்து பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குழந்தையின் உச்சந்தலையைத் தடவினார்.

"இன்னிக்குத்தான் இருக்கும். வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. அம்மாவையும். பி.பி. எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வீல்சேர்ல அழைச்சுட்டு வாங்க. வலிப்பு வந்தா நான் இருக்கேன், பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிரசவ அறையிலிருந்து அவசர அழைப்பு வர, ஓடினார்.

மலர்க்கொடி பரிதிக்குப் போன் செய்தாள். அவன் ஊரில் கொள்முதல் நிலையத்தில் இருந்தான். கொட்டிவைத்த நெல் பல நாளாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து அன்றுதான் எடை போடும் முறை வந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் போனில் அழுதான். "எல்லாத்தையும் போட்டுட்டு வர்றேன் சிஸ்டர்" என்றான். பிறகு, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, உங்க கால்ல விழுறேன்" என்றான்.

இன்டர்காம் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கீழே வார்டு எண்ணை அழுத்தினால் போதும். வீல்சேரில் சரிவுப் பாதை வழியாக கொஞ்ச நேரத்திலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். மலர்க்கொடி ரிசீவரை எடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ எடுத்து "ஹலோ, பிரசவ வார்டு" என்றார்கள். குடவாசல் பெண்ணின் சத்தம் காதுக்குள் எழுந்தது. மலர்க்கொடி ரிசீவரை வைத்துவிட்டாள்.

அந்த மூலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஓட இடமில்லை. சுமையாவுக்கு அந்தப் பக்கம் இரட்டைக் குழந்தைகள். டாக்டர் பிரசவ அறையில். குழந்தை அவள் இடது கைமடிப்பில் தலைவைத்துக் கிடந்தது. புருவச் சுளிப்பு மெல்லக் குறைந்து இல்லாமலே போயிற்று. பார்க்க அழகாக இருந்தாள். இப்படி ஒரு அழகு இருந்தது என்று பெற்றவளுக்குத் தெரியாது.

காலையில் வந்த பால் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. மலர்க்கொடி பஞ்சை நனைத்து, குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டாள். போகிற உயிருக்கு வாயில் பால் விடுவது ரத்த பந்தம் செய்கிற கடைசிக் காரியம். நான் யார் இதைச் செய்ய என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்காக மறைத்தேன்? பரிதிக்காகவா? வலிப்பு வந்துவிடும் என்றா? எதுவும் இல்லை. பெற்றவள் போடும் சத்தத்தைக் கேட்கத் தனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தாயின் மடியைக் காலியாக வைத்துவிட்டாள்.

"சுமையா! சுமையா, கீழ போன் போடு, அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு!" என்று திரைக்கு உள்ளிருந்து கத்தினாள். சுமையா எட்டிப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு மலர்க்கொடியைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். குழந்தை அதற்குள் போய்விட்டிருந்தது.

டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "அம்மாவால வர முடியலையா?"

மலர்க்கொடி குனிந்து குழந்தையின் உதட்டோரத்துப் பாலைத் துடைத்தாள்.

டாக்டர் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டார். அவள் தோளில் கைவைத்து, "விடுங்க மலர். உங்க மடியிலயாவது போனாளே. ஒரு தாய் மாதிரி பார்த்துக்கிட்டீங்க" என்றார். அதற்குப் பதிலாக அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

பரிதி ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மலர்க்கொடி குழந்தையைத் துடைத்து, அவன் கொண்டுவந்த புதுத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல அடக்கம் பண்ணிடுறோம் சிஸ்டர். நாளை நாளன்னிக்கு அவளை டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் மட்டும்…" அவன் தயங்கினான். "பாலை வாங்கிக்கிறீங்களா? குடிச்சிச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

மலர்க்கொடி அவனுக்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றதை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனான்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். செருப்பு விடும் இடத்திலிருந்து காவலாளி கூப்பிட்டார். வெளியே போய்ப் பார்த்தால் இளவரசி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் அடிவயிற்றுத் தையலை அழுத்திப் பிடித்திருந்தாள். மறு கையில் கிண்ணம். வியர்வையில் முகம் மினுமினுத்தது. மலர்க்கொடி அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தப் புருவத்தைப் பார்த்ததும் யாரென்று கேட்கவேண்டி இருக்கவில்லை.

"நீங்கதான் மலர் சிஸ்டரா?" என்று சிரித்தாள் இளவரசி. "அண்ணியைக் காணோம். வெளி கேட் வரைக்கும் போறேன்னு போனவங்க வரவே இல்லை. பால் கட்டிக்கிச்சு. பிள்ளை பசியில அழுவாளேன்னு நானே கொண்டாந்துட்டேன். சரிவுல வந்ததால வலி தெரியலைங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன். தொட மாட்டேன்."

ராசம்மாள் கேட்டில் நின்று, கார் போன திசையைப் பார்த்து அழுதுகொண்டிருக்க வேண்டும். மலர்க்கொடிக்கு இன்னும் ஒரு பொய் கையில் இருந்தது. தூங்குறா, அப்புறம் வாங்க என்றால் இந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். அவ்வளவு நம்பிக்கையோடு நின்றாள்.

"உட்காருங்க இளவரசி" என்றாள். பெஞ்சில் உட்காரவைத்தாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா இல்லைம்மா. இன்னிக்கு இறந்துட்டா."

இளவரசி அவளை வெறித்துப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்திலிருந்து இறங்கி முடிக்கவில்லை.

"காலைல குடிச்சான்னு சொன்னாங்களே."

"பொய். அவ குடிக்கவே இல்லைம்மா. எப்பவும் குடிக்கலை. அவளால முடியாது. உதட்டுல தடவினேன், அவ்வளவுதான். மீதியெல்லாம் கொட்டிட்டேன். குடிச்சிட்டான்னு சொன்னது நான்தான்."

"கொட்டிட்டீங்களா" என்றாள் இளவரசி. அதைத்தான் முதலில் அவளால் பிடித்துக்கொள்ள முடிந்தது. பிறகு, "எங்க இருக்கா?" என்றாள்.

"தம்பி எடுத்துட்டுப் போறாரு. ஊருக்கு."

மலர்க்கொடி அப்போதே போனை எடுத்தாள். பரிதி எடுத்ததும், "வண்டி எங்க இருக்கு தம்பி?" என்றாள்.

"அம்மாப்பேட்டை தாண்டிட்டோம் சிஸ்டர்."

"திருப்புங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்காரம்மா எம் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வண்டியைத் திருப்புங்க."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" அவன் குரல் உடைந்தது. "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?"

"ஆமா தம்பி, நான்தான் பொறுப்பு. திட்டறதை வந்து திட்டுங்க."

இளவரசி போனை அவள் கையிலிருந்து வாங்கினாள். "எம் பிள்ளையைக் கொண்டாங்க" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரம்தான் மலர்க்கொடிக்குத் தண்டனை என்று நான் நினைக்கிறேன். இளவரசி சத்தம் போடவில்லை. மலர்க்கொடி இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது வரவே இல்லை. ஒவ்வொரு கேள்வியாகத்தான் வந்தது.

"யார்கிட்ட இருந்தா, கடைசியா?"

"எம் மடியிலம்மா."

"நான் கீழதானே இருந்தேன்?"

"ஆமா."

"ஏன் என்னைக் கூப்பிடலை?"

பரிதி கெஞ்சினான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. மலர்க்கொடி சொல்லவில்லை. "எனக்குப் பயம். நீங்க அழறதைப் பார்க்கப் பயம்" என்றாள்.

"நான் அழுவேன்னுட்டு எம் பிள்ளையை நீங்க வெச்சுக்கிட்டீங்க" என்றாள் இளவரசி. கோபமாகச் சொல்லவில்லை. விளங்கிக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். மலர்க்கொடிக்கு அங்கேயே தரையோடு தரையாகப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. இந்தத் தடவை அதையாவது செய்யக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்து டாக்டர் மாதங்கி வந்தார். பி.பி. இறங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மலர்க்கொடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாய்மார்கள் பால் கொடுக்கும் அறையைத் திறந்து, மற்றவர்களை வெளியே அனுப்பி, ஜன்னல் திரையை விலக்கிவிட்டார்.

பரிதி குழந்தையோடு உள்ளே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரையும் திட்டவில்லை. மனைவியின் முன்னால் மண்டியிட்டு, துண்டு மூட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான். வலிப்பு வரவில்லை. இளவரசி துண்டை விலக்கினாள். நெற்றி, காது, விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எம் புருவம்" என்றாள். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, பால் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. குழந்தையின் பாதம் இரண்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்காளே" என்றாள்.

முந்தானையை எடுத்து அந்தக் கால்களைச் சுற்றினாள். தேய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலில் சுவரோடு நின்றிருந்த மலர்க்கொடியைப் பார்த்தாள்.

"சிஸ்டர், உங்க மடியில இருந்தப்ப சூடா இருந்தாளா?"

இல்லை, அப்போதே இப்படித்தான் இருந்தாள் என்று சொன்னால் இந்தப் பெண்ணுக்கு இழந்தது கொஞ்சம் குறையும். அந்தப் பொய் மலர்க்கொடியின் நாக்கு நுனிவரை வந்தது.

"இருந்தாம்மா" என்றாள். "நல்ல சூடா இருந்தா."